துக்கத்தில் இருப்பவரிடம் "ஜெபம் பண்ணுங்கள்" என்கிறோம். எதை, எப்படி, எவ்வளவு நேரம்?

பெரேயன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஜெபக்குழுக்களில் கொடுப்பதற்கு ஒரே தாளில் ஒரு கையேடு தயாராகிறது. இழப்பு, பயம், கோபம், குற்ற உணர்வு என்று மனம் உடைந்து வருபவர்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "விசுவாசியுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிற வரி எல்லாரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அடுத்த வரி என்ன என்பதுதான் கேள்வி.

எந்த வேதபகுதி, எத்தனை நிமிடம், எங்கே தவறிப்போகும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எழுதுங்கள். சாட்சிகளுக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே செய்முறை மட்டும். எந்தச் சபையாராக இருந்தாலும் சரி.

---

சங்கீதப்பலகை

முறையிடும் சங்கீதங்களில் இருந்து தொடங்குங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். ஆனால் ஆராதனையில் நாம் பாடுவதும் சுவரில் மாட்டுவதும் மற்ற இரண்டு பங்கை. அதனால் அழுகையோடு வருபவருக்குத் தன் நிலைமைக்கு வேதத்தில் வார்த்தை இருப்பதே தெரியாமல் போகிறது.

பழகுவதற்கு 13-ம் சங்கீதம் போதும். ஆறே வசனம், இரண்டிரண்டாகப் பிரியும். முதல் இரண்டு வசனம் முறையீடு: "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறான். அடுத்த இரண்டு விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டு நம்பிக்கை.

செய்முறை இது. முதல் நாள் ஆறு வசனத்தையும் வாய்விட்டு, மெதுவாக, இரண்டு முறை வாசியுங்கள். வாய்விட்டு என்பதை விட்டுவிடாதீர்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் மனம் தன் பழைய சுற்றுக்கே திரும்பிவிடும். இரண்டாம் நாள் ஒரு தாளை எடுத்து முதல் இரண்டு வசனத்துக்கு மட்டும் உங்கள் சொந்த வரிகளை எழுதுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்..." என்று தொடங்கி மூன்று நான்கு வாக்கியம். நடந்ததைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "என் கஷ்டங்கள்" என்று பொதுவாக எழுதினால் பாரம் இறங்காது. "சம்பளம் நின்றுபோனது", "அப்பா போய்விட்டார்", "அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை" என்று எழுதினால்தான் அது முறையீடு. மூன்றாம் நாள் விண்ணப்பம்: ஒன்றே ஒன்று, இன்றைக்கோ நாளைக்கோ தேவைப்படுகிற அளவில். "என் வாழ்க்கையை மாற்றும்" வேண்டாம். "நாளைக்கு அந்த அலுவலகத்துக்குள் நுழையப் பெலன் தாரும்" என்பது விண்ணப்பம்.

நான்காம் நாள் நம்பிக்கைப் பகுதி. இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மனம் வராதபோது தாமாகச் சந்தோஷ வரி எழுதுவதால் அது பொய்யாகத் தெரிகிறது, அத்தோடு எல்லாமே பொய்யாகிவிடுகிறது. அந்த நிலையில் சொந்த வரி எழுத வேண்டாம். தாவீதின் 5, 6-ம் வசனங்களை அப்படியே வாசியுங்கள், அவன் விசுவாசத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். சபை என்பதே அதற்குத்தான்.

ஒரு நாளைக்கு 15 முதல் 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மனக்காயத்தை எழுதி ஆற்றுவது பற்றி 1986-ல் இருந்து வந்திருக்கும் ஆய்வுகளும் ஏறக்குறைய இதே அளவைத்தான் பயன்படுத்துகின்றன: 15 அல்லது 20 நிமிடம், மூன்று நான்கு நாள். எழுதி முடித்தவுடன் மனம் இன்னும் கனப்பது வழக்கம், சில மணி நேரத்தில் தணியும். இரண்டு நாள் கழித்தும் தணியாமல் தூக்கம் கெட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் எழுதவே வேண்டாம்.

13 பழகியபின் ஆளுக்கு ஏற்ற சங்கீதம். நெருங்கியவர் துரோகம் செய்தால் 55. கைவிடப்பட்ட உணர்வுக்கு 22. தூக்கமில்லாத இரவுக்கு 77, "நான் தூங்காதபடி" என்றே அதில் வரும். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்தவருக்கு 69. முதுமையின் பயத்துக்கு 71. இரவில் படுக்கும்முன் 4. மடாலயங்களில் நூற்றாண்டுகளாக இரவு ஜெபத்துக்கு 4, 91, 134 மூன்றையும்தான் வைத்திருக்கிறார்கள். மடாலய வாழ்க்கைக்கு விதிகள் எழுதிய புனித பெனடிக்டின் ஒழுங்கில் இருந்து வரும் வழக்கம் அது.

---

அனல்நாவு

பிரெய்ஸ் தி லார்ட். சங்கீதப்பலகை பிரதர் சொன்னதில் எனக்குப் பாதி ஒப்புதல் இல்லை. துக்கத்தையே எழுதி எழுதி வாசித்தால் துக்கம்தான் வளரும். "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியர் 4:6 தெளிவாகச் சொல்கிறது. தேவ பிள்ளை வாக்குத்தத்தத்தை அறிக்கை செய்யணும். சூழ்நிலையைப் பேசக் கூடாது, வசனத்தைப் பேசணும். முறுமுறுத்தவர்கள் வனாந்தரத்தில் என்ன ஆனார்கள் என்று தெரியுமே.

---

சங்கீதப்பலகை

பிரதர், அந்த வசனம் அங்கே முடியவில்லை. "விண்ணப்பங்களை... தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்றுதான் போகிறது. தெரியப்படுத்தாமல் மூடிவைப்பதற்கு அது அனுமதி கொடுக்கவில்லை. அதே நிருபத்தில் 2:27-ஐப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்று பவுல் கட்டப்பட்டிருந்த நிலையில் எழுதுகிறார். கவலைப்படாதிருங்கள் என்று எழுதிய அதே கை.

வனாந்தரத்தில் ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் முறுமுறுத்தார்கள். சங்கீதக்காரன் தேவனிடமே முறையிடுகிறான். முதுகைக் காட்டிப் பேசுவதும் முகத்தைப் பார்த்துக் கேட்பதும் ஒன்றல்ல. யோபுவின் சிநேகிதர்கள் தேவனுக்காக வாதாடி, பக்தியான வாக்கியங்களாகவே பேசினார்கள். கடைசியில் 42:7-ல் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடிந்துகொள்ளப்பட்டது யார் என்று தெரியும்.

ஆனால் நீங்கள் சொல்வதில் சரியான பாதியும் இருக்கிறது. முறையீட்டுக்கு எல்லை வேண்டும். நேரத்துக்கு எல்லை, வடிவத்துக்கும் எல்லை. புலம்பல் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரமும் எபிரெய அகரவரிசையில் கட்டப்பட்டவை. மூன்றாம் அதிகாரம் 66 வசனம், எழுத்துக்கு மூன்று. அழுகைக்கே ஒரு கட்டு. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்பது அந்த நடு அதிகாரத்தில் வருகிறது. அதற்குப் பின்னும் புலம்பல் தொடர்கிறது. நம்பிக்கை வந்ததும் அழுகை நின்றுவிட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

வாக்குத்தத்தத்தை எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நாட்காட்டியில் கிழித்த ஒற்றை வசனமாக எடுக்காதீர்கள், அதன் முழு அதிகாரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். எரேமியா 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. ஐந்தாம் வசனத்தில் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று இருக்கிறது. அதோடு சேர்த்து வாசித்தவருக்கு, அடுத்த மாதமே எல்லாம் மாறவில்லை என்றால் விசுவாசம் உடையாது. தனியாக எடுத்தவருக்கு உடையும், பழியும் அவர் தலையிலேயே விழும்.

---

எம்மாவு

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கப் பழக்கத்தில் இருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒன்று, மூச்சோடு செபிப்பது. மனம் பதறும்போது நீண்ட செபம் வாயில் நிற்காது. கீழைத் திருச்சபைகளில் "ஆண்டவர் இயேசு கிறிஸ்துவே, இறைமகனே" என்று மூச்சை இழுத்து, "பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்று விடுவார்கள். நான்கு எண்ணும் அளவுக்கு உள்ளே, ஆறு எண்ணும் அளவுக்கு வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். செபமாலையை நிதானமாகச் சொன்னாலும் மூச்சு இந்த வேகத்துக்கே இறங்குகிறது என்று 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. இலத்தீன் மொழியில் செபமாலை சொன்ன 23 பேரை அளந்தார்கள். ஆள் குறைவுதான், ஆனாலும் மெதுவாகச் சொல்ல வேண்டிய காரணம் விளங்குகிறது. செபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துக்க மறைபொருள்களை ஓட்டமாக ஓட்டி முடிப்பதில் இந்தப் பயன் கிடையாது. ஐந்து பத்து முடியாதென்றால் ஒரு பத்து மணி போதும்.

பாலைவனத் துறவிகள் இன்னும் சின்னதாக வைத்திருந்தார்கள். திருப்பாடல் (சங்கீதம்) 70-ன் முதல் வரியை, "கடவுளே, என்னை விடுவித்தருளும், விரைந்து துணை செய்யும்" என்ற பொருளில், நாள் முழுக்கச் சொல்லும்படி அவர்களிடம் கற்ற துறவி யோவான் காசியான் பதிவு செய்திருக்கிறார். மகிழ்ச்சியிலும் சொல்லலாம், சோதனையிலும் சொல்லலாம் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார்.

இரண்டு, இரவு ஆன்ம சோதனை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் வரிசை ஐந்து: நன்றி, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பத்துப் பதினைந்து நிமிடம். நன்றிதான் முதலில், இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்கு முழு ஐந்தையும் கொடுக்கக் கூடாது. மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் நேரமாகிவிடும். அவருக்கு இரண்டு கேள்வி போதும்: இன்று எது கொஞ்சம் தாங்கியது? இன்று எது உறிஞ்சியது? இரண்டையும் கடவுளிடம் சொல்லிவிட்டுப் படுக்கலாம்.

மூன்றாவது, இதைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள்: ஆறுதலற்ற காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. இஞ்ஞாசியாரின் ஆவிகளைத் தெரிந்து தெளிவதற்கான விதிகளில் ஐந்தாவது இது. வேலையை விடுவது, சபையை மாற்றுவது, திருமணத்தை முறிப்பது, துறவறத்துக்குள் போவது எல்லாம் காத்திருக்கலாம். இங்கே ஒரு விலக்கு உண்டு. அடி உதை நடக்கிற வீட்டை விட்டு வெளியேறுவது இந்த விதிக்குள் வராது. அது பாதுகாப்பு, உடனே செய்ய வேண்டியது.

---

கொலோசெயர்414

நான் பெயரை எடுத்த வசனத்தில் லூக்கா வைத்தியன். அந்தப் பக்கத்தில் இருந்து பேசுகிறேன்.

சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கமோ பசியோ மாறிப்போவது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜெபத்துக்குப் பதிலாக அல்ல, ஜெபத்தோடு. இழப்பின் துக்கத்துக்கு அளவு வேறு, அது மாதக்கணக்கில் நீடிப்பது நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு ஆறு மாதமும், 2022-ல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல வகைப்பாடு பெரியவர்களுக்கு ஒரு வருடமும் கடந்த பிறகும் அன்றாட வாழ்க்கை முடங்கிக் கிடந்தால்தான் நீடித்த துக்கம் என்று பெயரிடுகின்றன. மூன்றாம் மாதத்தில் "இன்னும் அழுகிறாயா" என்று கேட்பவருக்கு இரண்டு வகைப்பாடுமே துணை நிற்காது.

உபவாசம். இதை யாரும் எழுதாததால் அழுத்திச் சொல்கிறேன். லித்தியம் (இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் மருந்து) எடுப்பவர் தண்ணீர் இல்லாமல் உபவாசம் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி விஷமாகலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவருக்கும் ஆபத்து. இருமுனைக் கோளாறு (அதீத எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனநோய்) உள்ளவர்களுக்கு முழு இரவு ஜெபம் வேண்டாம். ஒரு இரவுத் தூக்கம் கெட்டாலே அதீத எழுச்சி நிலை தூண்டப்படலாம். அந்த உற்சாகத்தைச் சுற்றியிருப்பவர்கள் அபிஷேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். மூன்று நாள் தூங்காமல், வேகமாகப் பேசி, கையில் இருக்கிற பணத்தையெல்லாம் கொடுத்துக்கொண்டிருப்பவரை மேடையில் ஏற்றாதீர்கள், மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பத்தாவது நாளில் "மருந்து வேலை செய்யவில்லை, விசுவாசத்தில் நிறுத்துகிறேன்" என்பவர்கள் உண்டு. குணமான பின்பும் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஊழியருக்கும் கிடையாது.

1 இராஜாக்கள் 19-ஐத் தாளில் சேர்க்க முடியுமா? எலியா சூரைச்செடியின் கீழ் சாவு கேட்கிறான். தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் ஓரேபுக்கு நடை. ஓரேபில் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று ஒரே கேள்வி இரண்டு முறை. அவனும் ஒரே புலம்பலை வரி மாறாமல் இரண்டு முறை சொல்கிறான். முதல் தடவையே சொன்னாயே என்று யாரும் குறுக்கிடவில்லை. உடன் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

அனல்நாவு, சங்கீதப்பலகை இருவருக்கும் ஒரு தகவல். கென்னத் பர்கமென்ட் என்ற உளவியலாளர் நெருக்கடியில் மக்கள் விசுவாசத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அளக்க ஒரு வினாப்பட்டியல் செய்தார். சுருக்க வடிவில் 14 கேள்வி. ஏழு தாங்குகிற வகை, ஏழு அழுத்துகிற வகை: தேவன் தண்டிக்கிறார், என்னைக் கைவிட்டுவிட்டார், சபை என்னைக் கைவிட்டது என்பது போல. 2001-ல் வெளியான அவருடைய குழுவின் ஆய்வில், நோயுற்ற முதியவர்களில் இந்த இரண்டாம் வகைப் போராட்டம் இருந்தவர்களுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் கூடியிருந்தது. பிறகு பார்த்தபோது, போராட்டம் வந்து போனவர்களைவிட அதிலேயே நீடித்துச் சிக்கியவர்களின் நிலைதான் மோசமாகியது. ஆகவே அந்தக் கேள்வியை வாயடைக்கவும் வேண்டாம், வருடக்கணக்கில் தனியாகச் சுமக்கவும் விட வேண்டாம்.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கயிறு கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் கேட்டாலும் இதை ரகசியமாக வைக்கக் கூடாது. உங்கள் வட்டார மனநல அவசர எண்ணைத் தாளின் மேல்பகுதியில் அச்சிடுங்கள், கீழே அல்ல.

---

பெரேயன்

மிகவும் பயனுள்ளதாகப் போகிறது. இன்னும் மூன்று வேண்டும். மன்னிக்க முடியவில்லை என்பவர்கள். பாவம் மன்னிக்கப்பட்டதா என்ற சந்தேகம் தீராதவர்கள். "நான் தகுதியில்லை" என்று திருவிருந்தை விட்டுத் தள்ளி நிற்பவர்கள்.

---

யாபோக்கு

மன்னிப்புக்கு மட்டும் பதில்.

மன்னிப்பதும் ஒப்புரவாவதும் வெவ்வேறு. மன்னிப்பது ஒருவர் கையில் இருக்கிறது. ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், எதிராளி மனம் திரும்ப வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று ரோமர் 12:18-லேயே இரண்டு நிபந்தனை இருக்கிறது. யோசேப்பு தன் சகோதரரைப் பார்த்தவுடன் தன்னை வெளிப்படுத்தவில்லை. ஆதியாகமம் 42-ல் இருந்து 45 வரை சோதித்துப் பார்க்கிறான். பென்யமீனுக்குப் பதிலாக யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் அழுதுகொண்டு வெளிப்படுத்துகிறான். பாலியல் கொடுமை, அடி, பண மோசடி போன்றவற்றில் "மன்னித்துவிட்டாயே, இனி சேர்ந்து இரு" என்று அனுப்புவது அந்த ஆளை மறுபடியும் குற்றவாளியின் கையில் கொடுப்பது. மன்னித்தவர் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். இரண்டுக்கும் முரண் இல்லை.

மன்னிப்பு ஆராய்ச்சியில் பேர்பெற்ற எவரெட் வொர்திங்டன் தீர்மானத்தால் மன்னிப்பதையும் உணர்ச்சியால் மன்னிப்பதையும் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது ஒரு நாளில் முடியலாம்: பழிவாங்க மாட்டேன் என்று தேவனுக்கு முன் முடிவு செய்வது. இரண்டாவது மாதக்கணக்கில் மெதுவாக வரும். முதலாவதைச் செய்துவிட்டு, அடுத்த வாரம் கோபம் திரும்ப வந்ததும் "நான் மன்னிக்கவே இல்லை போல" என்று தளர்ந்துபோவதுதான் இங்கே வழக்கமான விபத்து. வலி நினைவுக்கு வருவது மன்னியாமை ஆகாது. முடிவெடுத்த தேதியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான். கோபம் வரும்போது தேதியைப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. கடனைக் கணக்கிடாமல் தள்ளுபடி செய்ய முடியாது. என்ன பறிபோனது என்று ஒரு பக்கம் எழுதட்டும். கோபம் அதிகமென்றால் 109-ம் சங்கீதத்தை வாசிக்கட்டும், சபித்தல் உட்பட. அந்த வார்த்தைகள் தேவன் கையில் கொடுக்கப்பட்டுவிட்டால் நம் கை காலியாகிறது. பழிவாங்குதல் எனக்குரியது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு எச்சரிக்கை: எழுதிய பக்கத்தை எதிராளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அது ஜெபத்துக்கு எழுதியது.

---

எம்மாவு

மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

பாவசங்கீர்த்தனம் செய்தும் சந்தேகம் தீராமல், அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு குருக்களிடம் அறிக்கையிடுபவர்கள் உண்டு. கத்தோலிக்கரல்லாதவர்களில் இதுவே திரும்பத் திரும்ப "பாவியின் ஜெபம்" சொல்வதாக, அல்லது மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று இணையத்தில் தேடுவதாக வரும். மனச்சான்றின் நுண்ணுணர்வு போலத் தெரியும், ஆனால் அச்சநோய். ஸ்பெயினின் மான்ரேசா ஊரில் இஞ்ஞாசியார் இதில் சிக்கி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனார்.

பழைய ஆன்ம இயக்குநர்கள் கண்ட வழி: ஒரே குரு. ஏற்கெனவே அறிக்கையிட்டதை மறுபடி சொல்லத் தடை. சந்தேகம் வந்தால் அதற்குப் பதில் தேடாமல் அப்படியே விட்டுவிடுவது. இன்றைய உளவியல் சிகிச்சையும் இதற்கு வெகு அருகில்தான் இருக்கிறது: பதற்றத்தைத் தாங்கிக்கொண்டு சடங்கைச் செய்யாதிருப்பது. உடன் இருப்பவர்கள் "நிச்சயம் மன்னித்துவிட்டார்" என்று நாளுக்குப் பத்துத் தடவை உறுதி கொடுப்பது அன்பாகத் தெரியும், ஆனால் சுற்றை வளர்க்கும். ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு, "இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று" என்று மட்டும். இவர்களுக்கு 51, 38 போன்ற தவத் திருப்பாடல்களைக் கொடுக்காதீர்கள், 103 அல்லது 131 கொடுங்கள்.

திருவிருந்துக்கு: 1 கொரிந்தியர் 11:28 "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்பதோடு நிற்கவில்லை. சோதித்தறிந்து, பிறகு புசிக்கட்டும் என்றுதான் முடிகிறது. அங்கே பவுல் கண்டிப்பது பசித்த ஏழைகளை விட்டுவிட்டு முந்திச் சாப்பிட்டவர்களை. மனம் நொந்து உட்கார்ந்திருப்பவரை அல்ல. கத்தோலிக்கர் சாவான பாவ உணர்வு இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும் என்பது வேறு. சோகமாக இருப்பது சாவான பாவம் இல்லை.

---

அனல்நாவு

முறையீடு பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன், 2:27-ஐ நான் அப்படி வாசித்ததில்லை. ஆனால் கை வைத்து ஜெபிப்பதையும் உள்மன சுகத்துக்கான ஜெபத்தையும் யாரும் தொடவில்லை. யாக்கோபு 5:14-ல் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறதே. தனியாகத் தாளை வைத்துக்கொண்டு உட்கார முடியாத நிலையில் இருப்பவருக்கு மூப்பர்களை வரவழைப்பதுதான் வேதம் காட்டும் வழி. பரம்பரைக் கட்டுகளையும் உடைக்க வேண்டியிருக்கும்.

---

கொலோசெயர்414

முதல் பாதி முழுவதும் சரி, தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். ஜெபிக்கும் முறைக்குச் சில வரம்பு: தொடுவதற்கு முன் கேளுங்கள், "தோளில் கை வைக்கலாமா?" வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் திடீர்த் தொடுகையும் கண்மூடி இருப்பதுமே பதற்றத்தைக் கிளப்பும். கண் திறந்தபடி, கதவு தெரியும் இடத்தில் உட்காரட்டும். இரண்டு பேருக்கு மேல் சுற்றி நிற்க வேண்டாம். ஆண் தனியாகப் பெண்ணுக்கோ, பெரியவர் தனியாகக் குழந்தைக்கோ மூடிய அறையில் ஜெபிக்கக் கூடாது. சத்தம் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் முடியுங்கள், பிறகு "இப்போது எப்படி இருக்கிறது" என்று கேளுங்கள். "ஒன்றும் தோன்றவில்லை" என்ற பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நினைவுகளைச் சுகமாக்கும் ஜெபத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. "உனக்குச் சின்ன வயதில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள், கர்த்தர் காட்டுகிறார்" என்று ஜெபிப்பவர் சொல்லக் கூடாது. பலவீனமான நேரத்தில் சொல்லப்படும் யூகம் நிஜ நினைவு போலவே மனதில் பதிந்துவிடும், குடும்பங்கள் சிதறும். அவர் தாமாகச் சொன்ன நினைவுக்கு மட்டும் ஜெபியுங்கள்.

---

யாபோக்கு

பரம்பரைச் சாபத்துக்கு எசேக்கியேல் 18-ஐ முழுக்க வாசியுங்கள், பிதாவின் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை. யோவான் 9:3-ல் இவன் செய்த பாவமுமல்ல, பெற்றோர் செய்த பாவமுமல்ல என்று இயேசுவே சொல்கிறார். குடும்பத்தில் தலைமுறையாகக் குடியும் மனச்சோர்வும் தொடர்வது உண்மைதான். அதற்கு உடல்கூறும் வளர்ப்பும் காரணமாகலாம். சாபம் என்று பெயர் வைத்தால், உடைத்த பின்னும் சோர்வு திரும்ப வரும்போது அவருக்குப் போக இடமிருக்காது.

---

அனல்நாவு

இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம். கலாத்தியர் 3:13 என் பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் முதல் ஜெபத்திலேயே அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாளில் போட வேண்டாம்.

---

பெரேயன்

நன்றி. இதுவரை தாளில் இருப்பது: மேலே அவசர எண். அடுத்து 13-ம் சங்கீதம் முழுவதும், ஓரத்தில் மூன்று பகுதிகளின் பெயர், எழுத இடம். பிறகு மூச்சு ஜெபம் இரண்டு வரி, இரவுக் கேள்வி இரண்டு, முடிவுகளைத் தள்ளிப்போடும் விதி. ஆளுக்கேற்ற சங்கீதப் பட்டியல். உபவாச எச்சரிக்கை. கத்தோலிக்கர் கையிலும் போகும் என்பதால் "திருப்பாடல்/சங்கீதம்" என்று இரண்டையும் போடுகிறேன். 88 விடுபட்டிருக்கிறதே, சேர்க்கலாமா?

---

அனல்நாவு

88-ல் கடைசி வரி வரைக்கும் வெளிச்சமே இல்லை. தனியாக இருப்பவர் கையில் இதைக் கொடுப்பது சரியா?

---

சங்கீதப்பலகை

அதனால்தான் பட்டியலில் போடவில்லை. 18 வசனத்தில் நம்பிக்கைச் சொல் முதல் வசனத்தின் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" மட்டும்தான். சிலருக்கு அதுவே உண்மையான அளவு, அதைவிடக் கூடச் சொல்லச் சொன்னால் பொய் சொல்ல வேண்டி வரும். எனவே வேண்டும், ஆனால் துணையோடு. உடன் இருப்பவர் வாசிக்கட்டும், அவர் கேட்கட்டும். முடிந்ததும் விளக்கம் கொடுக்காமல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் அடுத்து எப்போது வருவீர்கள் என்று நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

---

பெரேயன்

சரி. தாளின் பின்பக்கத்தை உடன் இருப்பவருக்கென்று ஒதுக்கி 88-ஐ அங்கே வைக்கிறேன். தொடும் முன் கேட்பது, தற்கொலைக் கேள்வி, 1 இராஜாக்கள் 19 மூன்றும் அதே பக்கம். அச்சுக்கு முன் வரைவை இங்கே பதிவேற்றுகிறேன், மருந்து பற்றிய வரிகளைக் கொலோசெயர்414 ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.